சிறு தூண்டில் முள்ளைக் கட்டுதல்: எது கைக்கு, எது கருவிக்கு

14ஆம் எண் தூண்டில் முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், அது ஓர் அரிசி மணியைவிடச் சற்றே நீளமாக இருக்கும். அந்தச் சிறு தண்டின்மேல் மெல்லிய நைலான் நரம்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, ஒரு சுற்றின்மேல் மற்றொன்று ஏறிவிடாமல் இறுக்கி, கையளவு ஜிலேபிக் கெண்டை தலையைத் திருப்பிக்கொண்டு ஓடினாலும் நழுவாதபடி நிறுத்த வேண்டும். வேலூர், குடியாத்தம், காவேரிப்பாக்கம் பக்கத்து ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்களில் பலர், இந்த ஒரு வேலைக்கு அஞ்சியே தேவைக்கு மிஞ்சிய பெரிய முள்ளைப் போடுகிறார்கள். பொடிக் கெண்டையின் வாய்க்கு அந்த முள் கொள்ளாது. அது மாவை மட்டும் கொத்திக்கொண்டு போய்விடும், தக்கை ஆடிக்கொண்டே இருக்கும், கையில் ஒன்றும் வராது. முள்ளைச் சிறிதாக்கினால் மீன் வரும். முள்ளைச் சிறிதாக்க வேண்டுமானால் அதைக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

கையாலேயே கட்டப் பழகுவதா, அதற்கென்று விற்கும் கருவியை வாங்குவதா என்ற கேள்விக்கு என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலையில் நரம்பு நுழையும் வளையம், அதாவது காது, உள்ள முள்ளைக் கையால் கட்டுங்கள். காது இல்லாத தட்டைத் தலை முள்ளை, கைமுறையை ஒருமுறை தெளிவாகக் கற்றுக்கொண்ட பின், வீட்டில் உட்கார்ந்து கருவியால் கட்டுங்கள். எந்த வழியானாலும் கருவி சுற்றித்தான் தரும்; முடிச்சை அதன் இடத்தில் உட்கார வைப்பது விரல்களின் வேலை.

'உட்கார வைப்பது' என்ற இந்தச் சொல்லை எனக்குக் கொடுத்தவர் குடியாத்தத்தில் பல ஆண்டுகள் பீடி சுற்றிய என் அத்தை. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி முடிவதற்கு அவருக்குக் கண் தேவைப்பட்டதில்லை. தெருவில் போகிறவர்களோடு பேசிக்கொண்டே முடிந்து போடுவார். நூல் தளர்ந்தால் பீடி பிரிந்துவிடும், அளவுக்கு மீறி இறுக்கினால் இலை கிழிந்துவிடும். சிறுவனாக நான் தூண்டில் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "வெடுக்குனு இழுக்காதடா கண்ணு, உட்கார வச்சி முடி" என்றார். நூலுக்குச் சொன்ன அந்த வார்த்தை நைலான் நரம்புக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

முள்ளும் நரம்பும்

முள்ளின் எண் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும். 6 எண் முள் கெளுத்திக்கும் குறவைக்கும் போதும். ஜிலேபிக்கு 10 அல்லது 12. பொடிக் கெண்டைக்கு 14, 16. முள்ளின் நீண்ட பகுதியைத் தண்டு என்றும், அடியில் திரும்பும் இடத்தை வளைவு என்றும், கூர்முனைக்குக் கீழே மீன் கழன்று போகாமல் பிடிக்கும் சிறு செதிலை எதிர்முள் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். தண்டின் தலை இருவகைப்படும். ஒரு வகையில் நரம்பு நுழைவதற்கு வளையம் இருக்கும், அதுதான் காது. மற்றொரு வகையில் துளையே இருக்காது. கம்பியின் நுனி அடித்துத் தட்டையாக்கப்பட்டிருக்கும். அந்தத் தட்டை, சுற்றிய நரம்பு மேலே வழுக்கிக் கழன்றுவிடாமல் தடுக்கிறது. மிகச் சிறிய முள்களில் காது வைத்தால் தலை கனத்துவிடும் என்பதால் தட்டைத் தலை முள்கள் இன்றும் செய்யப்படுகின்றன.

முள்ளைக் கட்டும் நரம்பு, தூண்டிலின் முதன்மை நரம்பைவிட மெலிதாக இருக்க வேண்டும். முதன்மை நரம்பு 0.20 மில்லிமீட்டர் என்றால் முள் நரம்பு 0.14 அல்லது 0.15 போதும். முள் கல்லிலோ வேலிகாத்தான் வேரிலோ மாட்டிக்கொண்டு அறுக்க நேர்ந்தால், முள்ளோடு ஒரு சாண் நரம்புதான் போகும்; தக்கையும் ஈயமும் தப்பும். முள் நரம்பில் முள்ளிலிருந்து விலகி நீளமாகப் போகும் பகுதியைத் தாய் நரம்பு என்றும், சுற்றுவதற்குப் பயன்படும் குட்டைப் பகுதியை வால் என்றும் வைத்துக்கொள்வோம்.

கட்ட உட்காரும் இடத்தில் ஒரு வெள்ளைத் தட்டை வைத்துக்கொள்ளுங்கள். முள் கீழே விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். நரம்பின் சுற்றுகளும் வெள்ளைப் பின்னணியில்தான் தெளிவாகத் தெரியும். கட்டி முடித்த முள்களை ஒரு பழைய ரப்பர் செருப்பின் ஓரத்தில் வரிசையாகக் குத்தி வைத்தால் ஒன்றோடொன்று சிக்காது. வீட்டில் குழந்தைகள் தவழ்ந்தால் தரையில் உட்கார்ந்து கட்டவே வேண்டாம்.

காது உள்ள முள்ளைக் கையால் கட்டுதல்

நரம்பின் நுனியை நகவெட்டியால் சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள். சாய்ந்த நுனி சிறு காதில் எளிதாக நுழையும். நுழைப்பதற்கு முன் காதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மலிவான முள்களில் வளையத்தின் வாய் முழுவதும் மூடாமல் மயிரிழை இடைவெளி இருக்கும்; மெல்லிய நரம்பு அதில் நழுவி வெளியேறும், அல்லது அதன் ஓரத்தில் உரசி அறுபடும். இடைவெளி தெரிகிற முள்ளை ஒதுக்கிவிடுவதே நல்லது.

நரம்பைக் காதில் நுழைத்து, வாலாக ஒரு விரல்நீளம் விட்டுக்கொள்ளுங்கள். இடக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் காதை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வாலைத் தாய் நரம்பின்மேல் ஆறு முறை சுற்றுங்கள். 0.15க்கு மெலிந்த நரம்பாக இருந்தால் ஏழு சுற்று, 0.30க்கு மேல் தடித்ததாக இருந்தால் ஐந்து போதும், ஏனென்றால் தடித்த நரம்பில் சுற்று கூடினால் முடிச்சு நெருங்கி உட்காராது. சுற்றி முடித்ததும் காதுக்கு மிக அருகில், முதல் சுற்றுக்குக் கீழே ஒரு சிறு கண்ணி தெரியும். வாலை அதில் நுழைத்து, அப்படி நுழைத்ததால் உண்டான பெரிய கண்ணியிலும் ஒருமுறை நுழைத்து எடுங்கள்.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் இதுவரை செய்தது அத்தனையும் வீண். முடிச்சை வாயில் வைத்து எச்சிலால் நன்றாக நனையுங்கள். ஏரிக்கரையில் இருந்தால் வாயில் வைக்காமல் குடிநீரில் நனையுங்கள். பிறகு தாய் நரம்பை மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். சுற்றுகள் ஒன்றையொன்று நெருங்கி, சுருள் கம்பிபோல வரிசையாகப் படிந்து, காதை நோக்கி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். சுற்று ஒன்று மற்றொன்றின்மேல் ஏறினால் அதை இறுக்கிச் சமாளிக்க நினைக்காதீர்கள். அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். கடைசியாக வாலை ஒருமுறை, தாய் நரம்பை ஒருமுறை என மாற்றி மாற்றி இழுத்து உட்கார வைத்து, வாலில் 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டக்கூடாது. முதல் மீன் இழுக்கும்போது முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுகும். அந்த இறுக்கத்துக்கு விட்டு வைத்த இடம்தான் அந்த 2 மில்லிமீட்டர்.

நரம்பை இரட்டையாக மடித்துக் காதில் நுழைத்துப் போடும் முடிச்சு ஒன்று உண்டு. பெரிய முள்ளுக்கு அது மிக நல்ல முடிச்சு. ஆனால் 14, 16 எண் முள்ளின் காதில் மடித்த நரம்பு பெரும்பாலும் நுழையாது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

தட்டைத் தலை முள்ளைக் கையால் கட்டுதல்

முள்ளின் வளைவை இடக்கை விரல்களுக்கு இடையில், தட்டைத் தலை வலப்பக்கம் பார்க்க, கூர்முனை கீழே இருக்கும்படி பிடியுங்கள். நரம்பைத் தலைப் பக்கத்திலிருந்து தண்டை ஒட்டியே வளைவை நோக்கிக் கொண்டுவந்து, வளைவருகே ஒரு சிறு கண்ணியாக மடித்து, வாலைத் திரும்பவும் தலைப் பக்கம் கொண்டுபோங்கள். இப்போது தண்டை ஒட்டி இரு இழைகள் படுத்திருக்கும். கண்ணி வளைவின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். வாலை எடுத்து, தட்டையை அடுத்த இடத்தில் தொடங்கி, தண்டையும் இரு இழைகளையும் சேர்த்து வளைவை நோக்கி ஏழு அல்லது எட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் விழுந்தவுடன் இடக்கைச் சுட்டுவிரலால் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்தப் பிடி நழுவினால் எல்லாம் பிரிந்துவிடும். கடைசிச் சுற்று முடிந்ததும் வாலைக் கண்ணிக்குள் விட்டு, தாய் நரம்பை மெதுவாக இழுத்தால் கண்ணி சுருங்கி வாலைப் பிடித்துக்கொள்ளும். நனைத்து, உட்கார வைத்து, இறுக்குங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முடிச்சு இறுகிய பிறகு தாய் நரம்பு தட்டையின் எந்தப் பக்கத்திலிருந்து வெளியேறுகிறது என்று பாருங்கள். கூர்முனை இருக்கும் உட்பக்கத்திலிருந்து அது வெளிவர வேண்டும். வெளிப்பக்கமாக வந்தால் இழுக்கும்போது முள் சாய்ந்து, கூர்முனை மீனின் வாயில் இறங்காமல் வழுக்கிவிடும். இறுக்குவதற்கு முன், முடிச்சு இன்னும் இளகி இருக்கும்போதே, நகத்தால் நரம்பைச் சுழற்றி உட்பக்கம் கொண்டுவந்துவிடலாம். இறுகிய பின் அது நடக்காது.

அறுந்த நரம்பு சொல்வது

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் ஓடி, பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த ஏரிகளும் நிரம்பின. அதன்பின் தண்ணீர் தெளிந்த நாட்களில், கட்டிய நிலையிலேயே விற்கும் முள் பொட்டலம் ஒன்றைக் கடையில் வாங்கிக்கொண்டு காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் போனேன். பத்து முள்ளில் நான்கு, மீன் கடித்து இழுத்த உடனேயே போய்விட்டன. கோபத்தோடு தூண்டிலைத் தூக்கிப் பார்த்தபோது, முள் போன இடத்தில் நரம்பின் நுனி பன்றிவால்போலச் சுருண்டிருந்தது. அந்தச் சுருள்தான் எனக்குக் காரணத்தைச் சொன்னது. நரம்பு அறுந்திருக்கவில்லை, இறுகாமல் விடப்பட்ட முடிச்சு, மீன் இழுத்த இழுப்பில் அவிழ்ந்து நழுவியிருந்தது.

அன்றிலிருந்து முள் போகும் ஒவ்வொரு முறையும் நரம்பின் நுனியைப் பார்க்காமல் அடுத்த முள்ளைக் கட்டுவதில்லை. நுனி சுருண்டிருந்தால் சுற்று குறைவு, அல்லது முடிச்சு முழுதாக உட்காரவில்லை, அல்லது வாலை ஒட்ட வெட்டியிருக்கிறோம். நுனி வெளுத்து, சொரசொரப்பாக, கொஞ்சம் நசுங்கியதுபோல இருந்தால் உலர்ந்த நிலையில் இறுக்கியிருக்கிறோம் என்று பொருள்: நைலான் நைலானோடு உரசும்போது சூடு உண்டாகும், அந்தச் சூட்டில் மெல்லிய நரம்பு முடிச்சுக்குள்ளேயே வலுவிழந்துவிடும். எச்சிலோ நீரோ அந்த உரசலைக் குறைப்பதற்காகத்தான். நுனி கத்தியால் வெட்டியதுபோலச் சுத்தமாக இருந்தால் காதின் ஓரமோ, கல்லோ, மீனின் பல்லோ அறுத்திருக்கிறது. அதற்கு முடிச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த மூன்றையும் அடையாளம் காணத் தெரிந்துவிட்டால், கைக்கட்டும் கருவிக்கட்டும் எங்கே தவறுகின்றன என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கருவி செய்வது என்ன

முள் கட்டும் கருவிகள் பல வடிவங்களில் விற்கின்றன. பேனாபோல மெலிந்து, நுனியில் பள்ளமோ பிளவோ உள்ளவை உண்டு. முள்ளைக் கவ்வி மின்கலத்தால் சுழற்றுபவையும் உண்டு. சுழற்றும் இயந்திரம் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கட்டுபவர்களுக்கு உரியது, நமக்கு வேண்டாம். இவற்றில் பல கருவிகள் செய்வது ஒரே வேலைதான்: சுற்றுகளுக்கு அடியில் வால் நுழைந்து வர ஒரு வழியைத் திறந்து வைத்திருப்பது. கையால் கட்டும்போது அழுத்திப் பிடித்த விரலுக்கு அடியில் நாம் கண்ணியாக விட்டு வைத்த அதே வழியை, கருவி ஒரு குழாயாகவோ பள்ளமாகவோ நிறுத்தித் தருகிறது. இதைப் புரிந்துகொண்டால், கருவியை விலை கொடுத்து வாங்காமலே செய்துகொள்ளலாம்.

மருத்துவமனையைச் சுற்றியே ஒரு பெருந்தெரு வாழும் வேலூரில் ஊசிக்கும் இடுக்கிக்கும் பஞ்சமில்லை. மருந்துக் கடையில் உறை பிரிக்காத 18 எண் ஊசி ஒன்றை வாங்குங்கள். அதன் பிளாஸ்டிக் அடி இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும், ஊசியின் வெளித்தடிமன் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். 16 எண் முள்ளுக்குப் பச்சை அடி கொண்ட 21 எண் ஊசி இன்னும் பொருத்தம். பயன்படுத்திய ஊசியை எக்காரணத்துக்காகவும் தொடாதீர்கள். கூர்முனையை உப்புத்தாளில் தேய்த்து முழுதும் மழுக்கிவிட்டு, துளையின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சின் இழை மாட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். பஞ்சை மாட்டும் பிசிறு நரம்பையும் கீறும்; கீறிய நரம்பு கண்ணுக்கு நன்றாகவே தெரியும், ஆனால் மீனுக்குத் தாங்காது. கடையில் வாங்கும் கருவிக்கும் இந்தப் பஞ்சுச் சோதனை கட்டாயம்.

இப்போது முள்ளின் தண்டை ஒட்டி ஊசியைப் படுக்க வையுங்கள். மழுக்கிய முனை தட்டைத் தலையின் பக்கமும், பிளாஸ்டிக் அடி வளைவின் பக்கமும் இருக்க வேண்டும். நரம்பைத் தலைப் பக்கத்திலிருந்து தண்டை ஒட்டி வளைவருகே கொண்டுவந்து, அங்கே விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வாலாக அரைச் சாண் நீளமாவது வேண்டும், ஏனென்றால் அது ஊசியின் முழு நீளத்தையும் கடந்து வர வேண்டும். வளைவருகிலிருந்து தொடங்கித் தலையை நோக்கி, தண்டு, தாய் நரம்பு, ஊசி மூன்றையும் சேர்த்து ஏழு சுற்றுச் சுற்றுங்கள். கையால் கட்டும்போது தலையிலிருந்து வளைவுக்குப் போனோம். இதில் திசை நேர்மாறு. சுற்றி முடித்ததும் வாலின் நுனியை ஊசியின் முனைத் துளைக்குள் விட்டுத் தள்ளினால், அது எல்லாச் சுற்றுகளுக்கும் அடியில் ஓடி, பிளாஸ்டிக் அடி வழியாக வெளியே வரும். வாலைப் பிடித்துக்கொண்டு, சுற்றுகள்மேல் விரலை அழுத்தியபடியே, ஊசியை வளைவின் திசையில் உருவி எடுங்கள். தலைப் பக்கம் உருவினால் வாலும் கூடவே வந்து எல்லாம் பிரிந்துவிடும்.

ஊசி வெளியேறிய அந்தக் கணத்தில் சுற்றுகள் தண்டின்மேல் தொளதொளவென்று கிடக்கும். புதிதாகக் கருவி வாங்கியவர்கள் ஏமாறும் இடம் இதுவே: கட்டு முடிந்துவிட்டது என்று எண்ணி வெடுக்கென்று இழுத்துவிடுகிறார்கள். கருவியின் வேலை முடிந்தது. கட்டு இன்னும் முடியவில்லை. நனையுங்கள். வாலை முதலில் சிறிது இழுத்துச் சுற்றுகளை ஒன்று சேருங்கள். நகத்தால் அவற்றைத் தட்டையை நோக்கி நெருக்கி வைத்து, தாய் நரம்பு கூர்முனைப் பக்கம் வருகிறதா என்று பார்த்து, அதன்பின் இரண்டையும் எதிரெதிராக இழுங்கள்.

சுற்றுகள் சமமாக விழுவதிலும், ஒரே அளவில் இருபது முப்பது முள் கட்டுவதிலும் கருவி கையைவிட மேலானது. நாற்பது வயதைக் கடந்து கிட்டப் பார்வை மங்கியவர்களுக்கும், விரல் நடுக்கம் உள்ளவர்களுக்கும் அது பெரிய துணை. அவர்கள் கருவி வேண்டாமென்று வீம்பு பிடிப்பதில் பொருளில்லை. அவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். அறுவைக் கருவிக் கடைகளில் கிடைக்கும், பற்கள் பூட்டிக்கொள்ளும் சிறு இடுக்கி ஒன்றை வாங்கி, முள்ளின் வளைவை அதில் கவ்வ வைத்துவிட்டால் கண்ணுக்கும் விரலுக்கும் பாதி பாரம் குறையும். மீன் விழுங்கிய முள்ளை எடுக்கவும் அதே இடுக்கி உதவும். ஆனால் ஏரிக்கரையில், காற்றில், மாவு பிசைந்த கையோடு நிற்கும்போது ஊசியைத் தேடி எடுத்துப் பிடிப்பதற்குள் கையால் இரண்டு முள் கட்டிவிடலாம். கரையில் கட்டுவதற்குக் காது உள்ள முள் நான்கைந்து தனியே எடுத்துப் போவது என் வழக்கம். தட்டைத் தலை முள்ளை வீட்டில் கட்டியே கொண்டுபோகிறேன்.

கட்டிய பின்

கட்டிய முள்ளைச் சோதிக்காமல் பெட்டியில் போடாதீர்கள். முள்ளின் வளைவை மேசைக் காலில் அடித்த சிறு ஆணியில் மாட்டி, நரம்பைத் துணி சுற்றிய கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சீராக இழுங்கள். வெட்டி இழுப்பது சோதனையாகாது. நல்ல முடிச்சும் அதில் போகும். முகத்தை முள்ளுக்கு நேராக வைக்காதீர்கள். நழுவினால் சுற்றை ஒன்று கூட்டுங்கள், வெளுத்து அறுந்தால் இன்னும் நனையுங்கள்.

தாங்கிய முள்ளுக்கு ஒரு சாண் நீளத்தில் நரம்பை வெட்டி, மறு முனையில் நரம்பை மடித்து எட்டு வடிவ முடிச்சுப் போட்டுக் கண்ணி வைத்துக்கொண்டால், கரையில் முதன்மை நரம்போடு கோத்து மாட்டுவது நொடி வேலை. கெட்டி அட்டையின் இரு ஓரங்களிலும் வெட்டு வைத்து அதில் சுற்றி, எண்ணை எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்; நைலான் வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். போன கோடையில் கட்டி மிஞ்சியதை இந்த ஆண்டு மீண்டும் ஆணியில் மாட்டிப் பார்த்த பிறகே எடுத்துப் போங்கள்.

பல ஏரிகளில் மீன் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூண்டில் போடுவது முறை. கரையில் வெட்டிய நரம்புத் துண்டுகளை, விரல்நீளமானாலும், சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்த நரம்பு மட்காது; மடையானின் காலிலும் நீர்க்காகத்தின் அலகிலும் சிக்கினால் அவை அவிழ்த்துக்கொள்ள வழியில்லை. நான் ஒரு காலித் தீப்பெட்டியை இதற்கென்றே தூண்டில் பையில் வைத்திருக்கிறேன். வெட்டிய வால்கள் ஒரு பக்கம், முனை மழுங்கிய முள்கள் மறுபக்கம், நடுவே ஒரு அட்டைத் துண்டு.